சதா சகாய மாதாவின் காணாமல்போன செருப்பு

படத்தை ஆணியிலிருந்து இறக்கும்போதே கீழ்மூலை என் கையோடு வந்துவிட்டது. பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி. உள்ளே பூராவும் கரையான் மண். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியார் ஐயா ஒன்றும் சொல்லவில்லை, சிலுவை அடையாளம் மட்டும் போட்டுக்கொண்டார்.

இடம், மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய். கடைத்தெருவைத் தாண்டிச் செம்பனைக்குள் கொஞ்ச தூரம் போனால் பழைய தோட்டத்துச் சிற்றாலயம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரமும் லயமுமாக இருந்த இடம். இப்போது லயம் கிடையாது. ஆள்களெல்லாம் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். புதன்கிழமை நொவேனா செபத்துக்கும் மாதம் ஒரு பூசைக்கும் மோட்டாரிலும் காரிலும் வந்து கூடுகிறார்கள். பீடத்துக்கு மேலே, குழந்தை இயேசுவை ஏந்திய இந்தச் சதா சகாய மாதா படம்: 4 அடி உயரம், 3 அடி அகலம், பிளைவுட்டில் எண்ணெய்ச் சாயம். வரைந்தவர் கையெழுத்து எங்கும் இல்லை.

நான் கிறிஸ்துவன் இல்லை, சைன்போர்டு எழுதுகிறவன். பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு கோயில் சுதைகளுக்குச் சாயம் அடிப்பதுதான் சோறு போடுகிறது. "மாரியம்மனுக்கு அடிக்கிற கை மாதாவுக்கும் கொஞ்சம் அடிக்கட்டும் தம்பி" என்று ஐயா கூப்பிட்டார். ஜூலை 26 அன்னம்மாள் திருநாளுக்கு எல்லாரும் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் படம் மேலே ஏறியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எனக்கு ஏழு வாரம் இருந்தது. பத்து நாளில் முடியும் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

அசல் எது, நகல் எது

வேலையைத் தொடுவதற்கு முன் ஐயா ஓர் அச்சுப் படம் கொண்டுவந்து கொடுத்தார். சிங்கப்பூர் நொவீனா தேவாலயத்தில் வாங்கியதாம். நம் ஆள்களுக்கு நொவீனா என்றால் எம்ஆர்டி நிலையம்தான் ஞாபகம் வரும். அந்த வட்டாரத்துக்கே பெயர் வந்தது இந்த மாதாவின் நொவேனா செபத்தால்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அசல் படம் ரோமில், சாந்த் அல்போன்சோ தேவாலயத்தில் இருக்கிறது. வெறும் 54 சென்டிமீட்டர் உயரம், 41.5 அகலம். நம் வீட்டுச் சாமி மேடையில் வைக்கிற அளவுதான். மரப்பலகை, தங்கப் பின்னணி. கிரேக்கர்களின் கிரேத்தா தீவிலிருந்து ஒரு வணிகர் திருடிக்கொண்டு வந்தார், 1499-இல் ரோமில் ஒரு தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தத் தேவாலயத்தை 1798-இல் பிரெஞ்சுப் படை இடித்தது. பல வருடம் படம் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. 1866-இல் ஒன்பதாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் அதை இரட்சகர் சபைச் சாமியார்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் போன நாடெல்லாம் நகல் போனது. அப்படித்தான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம்வரைக்கும்.

டேப் வைத்து அளந்து பார்த்தேன். அசலின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.30. எங்கள் பலகை 1.33. பலகையை நாலுக்கு மூன்றாக வாங்கியிருந்தாலும் விகிதம் கெடவில்லை. வரைந்தவர் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கியிருக்கிறார். ஓரத்தில் சாயம் உதிர்ந்த இடத்தில் பென்சில் கட்டம் தெரிந்தது, மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு. நாங்களும் அப்படித்தான் சினிமா பேனர் எழுதினோம். பார்த்ததும் அந்த ஆள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

எச்சில், பஞ்சு, பொறுமை

முதல் வாரம் முழுக்க முதுகுப் பக்கம்தான். கரையான் தின்ற கீழ்ப் பட்டையை நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் மரைன் பிளைவுட் துண்டைப் பொருத்தினேன். பிளை விட்டுப்போன ஓரங்களில் ஊசியால் மரப்பசை ஏற்றி, மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டேன். பின்பக்கம் போராக்ஸ் கரைத்து இரண்டு தடவை தடவல். இதில் சொல்ல ஒன்றும் இல்லை, தச்சு வேலை.

முன்பக்கம்தான் கதை. பல வருட மெழுகுவர்த்திப் புகை, சாம்பிராணி, கொசுவத்தி. மாதாவின் முகம் நல்ல தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. இதற்கு எச்சிலைவிட நல்ல மருந்து இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரிய மியூசியங்களிலேயே இதைச் செய்கிறார்கள். எச்சிலில் இருக்கிற என்சைம் அழுக்கை இளக்கும், சாயத்தைத் தின்னாது. பல்குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து, ஐம்பது காசு அளவு இடத்தில் உருட்டுவது. தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். பஞ்சு கறுத்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. மூன்று நாளில் என் வாய் காய்ந்துவிட்டது. வீட்டுக்காரி, "சாமி படத்தில் எச்சிலா?" என்று கேட்டாள். கண்ணப்ப நாயனாரைத் துணைக்கு இழுத்துத் தப்பித்தேன்.

எச்சிலுக்கு அசையாத இடங்களுக்கு வாலை வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு. அதற்கும் அசையாததற்கு டர்பன்டைன். ஒவ்வொன்றையும் முதலில் சட்டத்துக்கு அடியில் மறைகிற ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வர வேண்டும். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்தேன், ஓர் இடத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

அழுக்கு போனதும் பின்னணி ஏமாற்றம். அசலில் தங்கத் தகடு. எங்கள் ஆள் தங்கப் பொடிச் சாயம் அடித்திருக்கிறார். தங்கப் பொடி என்று கடையில் விற்பது பித்தளை. செம்பும் துத்தநாகமும். காற்று பட்டுப் பட்டுப் பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. இது அழுக்கில்லை, உலோகமே கெட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் திரும்பாது.

நூல் கட்டிப் பார்த்தது

சுத்தம் செய்துகொண்டே இருந்தால் படம் மனதில் பதிகிறது என்று சொல்வார்கள். என் விஷயத்தில் அப்படி இல்லை. எனக்கு நூல் கட்டினால்தான் புரியும். எந்தப் பலகையானாலும் முதலில் மூலைக்கு மூலை நூல் அடிப்பது பழக்கம். படத்தைத் தொடாமல் சட்டத்திலேயே ஆணி அடித்து இரண்டு நூல் கட்டினேன். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அடியிலேயே கைகள். மாதாவின் வலக்கை, அதைப் பற்றிக்கொண்டிருக்கிற குழந்தையின் இரண்டு கைகள். முகம் இல்லை, கை.

அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டு வேலை செய்வது தெரியும். குழந்தை பிடித்துக்கொள்ளக் கொடுத்த கை அது. ஆனால் இறுக்கி மூடவில்லை. விரல்கள் நீண்டு குழந்தையைச் சுட்டுகின்றன, 'இவனைப் பார்' என்று. இப்படிச் சுட்டும் மாதாவைக் கிரேக்கர்கள் 'வழி காட்டுகிறவள்' என்று ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுகிற வகை வேறு.

கண்கள் போகும் பாதையும் அப்படித்தான். மாதா குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். தலை குழந்தைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு நம் கண் குழந்தைக்கு இறங்குகிறது. குழந்தையோ தாயையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி நமக்கு வலப்பக்கம் பார்க்கிறது. அங்கே மேலே கபிரியேல் சம்மனசு, அதாவது வானதூதர், கையில் சிலுவையும் ஆணிகளும். இடப்பக்கம் மிக்கேல் சம்மனசு, ஈட்டியும், கோலில் செருகிய கடற்பஞ்சும், காடிச் சட்டியும். இருவரும் கையைத் துணியால் மூடிக்கொண்டுதான் அவற்றை ஏந்துகிறார்கள். புனிதப் பொருளை வெறுங்கையால் தொடாத மரியாதை.

ஆக, குழந்தைக்குக் காட்டப்படுவது முப்பது சொச்சம் வருடம் கழித்து அதைக் கொல்லப்போகிற கருவிகள். தாய்-பிள்ளை படம் என்று நாம் காலண்டரில் பார்த்துவிட்டுப் போகிறோம். ஐயாவிடம் பழைய தேவாலயக் காலண்டர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒருநாள் அதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பேசினோம். ரஃபேல் வரைந்த ஒரு மாதா படம், ஃபிளாரன்சில் உஃபீசி மியூசியத்தில் இருப்பது. இரண்டு குழந்தைகள் ஒரு சின்னக் குருவியைத் தடவிக்கொண்டிருக்கின்றன. பார்த்தால் என்ன அழகு என்று தோன்றும். அந்தக் குருவி கோல்டுஃபின்ச். முட்செடி விதையைத் தின்னும், முகத்தில் சிவப்பு. முள்முடியும் ரத்தமும் என்று படிக்க வேண்டுமாம். இன்னொன்று பெல்லினி வரைந்தது, சுமார் 1500, லண்டனில் இருக்கிறது. புல்வெளியில் அமர்ந்த தாயின் மடியில் குழந்தை கைகால் தளர்ந்து தூங்குகிறது. சிலுவையிலிருந்து இறக்கிய உடலைத் தாய் மடியில் கிடத்தியிருப்பதை முன்கூட்டியே காட்டுகிற தூக்கம் அது. மேற்கத்தியர்கள் குருவியிலும் தூக்கத்திலும் ஒளித்து வைத்ததைக் கிரேக்கர்கள் நேராகவே எழுதிவிட்டார்கள்.

யசோதை-கண்ணன் படம் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அங்கே தாய்க்குப் பிள்ளை யாரென்று பாதி தெரியாது, வெண்ணெயும் கொழுகொழுக் கன்னமும்தான். இங்கே தாய்க்கு எல்லாம் தெரியும். அதனால்தான் அந்த முகம்.

எலுமிச்சை

மாதாவின் மேலங்கி கரு நீலம், உள்மடிப்பு பச்சை, உள்ளாடை சிவப்பு. எங்கள் படத்தில் மேலங்கியின் கீழ்ப்பாதியில், கை எட்டுகிற உயரத்தில், சாம்பல் பூத்த திட்டுகள். பூஞ்சை என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. விசாரித்தபோது ஒரு பாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "வருசா வருசம் திருநாளுக்கு முன்னாடி எலுமிச்சங்காய் போட்டுத் தொடைப்போம்யா. குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு வரும்."

அந்த நீலம் அல்ட்ராமரீன். அதன் கதையே தனி. பழைய காலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டி எடுத்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்துத்தான் இந்த நீலம் கிடைக்கும். விலை எக்கச்சக்கம். அதனால் ஐரோப்பிய ஓவியர்கள் அதை மாதாவின் மேலங்கிக்கென்றே எடுத்து வைத்தார்கள். 1820-களில் பிரான்சில் அதைச் செயற்கையாகக் காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அதே சரக்கு வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலமாக நம் வீடுகளுக்கு வந்தது. எங்கள் அம்மா வாளியில் கரைத்த ரெக்கிட் நீலமும் அந்தக் காலத்து ஐரோப்பிய மாதா படங்களின் அங்கியும் ஒரே குடும்பம்.

இந்த நீலத்துக்கு ஒரே எதிரி புளிப்பு. வீட்டில் ஒரு கண்ணாடித் துண்டில் நீலப் பொடி கொஞ்சம் வைத்து எலுமிச்சை பிழிந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் நீலம் வெளுத்து, அழுகிய முட்டை வாடை. நீலத்தைக் கொடுப்பது அதற்குள் இருக்கிற கந்தகம். அமிலம் பட்டால் அந்தக் கட்டு உடைந்து கந்தகம் வாயுவாகப் போய்விடுகிறது. கண்ணாடித் துண்டைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "அடப்பாவமே, நாங்களா இப்படிப் பண்ணோம்?" என்றார். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்டேன். நல்லவேளை, கேட்டேன்.

கால்

நான்காவது வாரம் குழந்தையின் காலுக்கு வந்தேன். எங்கள் படத்தில் குழந்தைக்கு வெறுங்கால். இரண்டு பாதமும் ரோஜா நிறம், விரல்கள் கொஞ்சம் தடி. உடம்பின் மற்ற இடத்தில் சாயம் மெல்லிசாக, தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி இருந்தது. பாதத்தில் மட்டும் வழுவழுவென்று தடிப்பு. இனாமல் சாயம். வேறு கை. தாயின் உதட்டோரத்திலும் அதே வழுவழுப்பு, ஒரு சின்னப் புன்னகை.

அச்சுப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதில் குழந்தை செருப்பு போட்டிருக்கிறது. ஒரு காலில் வார் அவிழ்ந்து, செருப்பு ஒற்றை இழையில் தொங்குகிறது.

எங்கள் படத்தின் மேல் பழைய ஆள் அரக்கு வார்னிஷ், அதாவது ஷெல்லாக், பூசியிருந்தார். இனாமல்காரர் அதன் மேல்தான் அடித்திருக்கிறார். ஷெல்லாக் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கரையும். நன்றாகக் காய்ந்து கிழமான எண்ணெய்ச் சாயம் சட்டென்று கரையாது. அதாவது நடுவில் இருக்கிற அரக்கைக் கரைத்தால், மேலே இருப்பது பிடிப்பு இல்லாமல் உரிந்து வரும். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சை ஒரு நகத்தளவு இடத்தில் முப்பது எண்ணும்வரை வைத்தேன். எடுத்து, மழுங்கிய ஸ்கால்பெல்லால் ஓரத்தை நெம்பினேன். ரோஜா நிறம் தோல் மாதிரி சுருண்டு வந்தது. உடனே டர்பன்டைன் பஞ்சால் துடைத்து நிறுத்தினேன். அடியில் பழுப்பாக ஒரு கோடு.

வார்.

அன்று பசியாறக்கூடப் போகவில்லை. மதியத்துக்குள் பாதத்துக்குக் கீழே முழுச் செருப்பும் வந்துவிட்டது. குதிகாலை விட்டு விலகி, அடிப்பாகம் நம் பக்கம் திரும்பி, காற்றில் தொங்கிக்கொண்டு. வரைந்தவர் செருப்பின் அடியில் ஒரு சின்ன நிழல்கோடுகூடப் போட்டிருந்தார். அசலின் அச்சில் அப்படி ஒன்று எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

யார் மறைத்தார்கள், ஏன் என்று ஐயாவுக்குத் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செருப்பு இருந்ததாம். பிறகு படத்துக்குச் சாயம் அடிக்க வந்தவரிடம் யாரோ, பீடத்தில் செருப்பு தெரிகிறதே, அதுவும் அடிப்பாகம் சனங்களைப் பார்த்து இருக்கிறதே என்று சொல்ல, அவர் காலைக் கழுவிவிட்டுவிட்டார். எனக்கு அந்தச் சாயக்காரர்மேல் கோபம் வரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற சனம் நாம். என்னிடம் சொல்லியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சிக்கல் அப்புறம் வந்தது. புதன்கிழமை நொவேனாவுக்கு வந்தவர்கள் என் வேலைக் கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. "எங்க அப்பா காலத்துலேர்ந்து வெறுங்கால்தான். இப்ப எதுக்குச் செருப்பு?" என்றார் ஒருவர். இன்னொரு பையன், "அங்கிள், அறுந்த செருப்பு மாதிரி இருக்கு, சரியா மாட்டிவிட்டா என்ன?" என்றான். நியாயமான கேள்விதான். ஒரு சைன்போர்டுக்காரனாக எனக்கும் கை துறுதுறுத்தது.

ஐயா பைபிளைத் திறந்து ரூத்து நூல் நான்காம் அதிகாரத்தைப் படித்தார். பழைய இஸ்ரயேலில் நிலம் மீட்பது, உரிமை கைமாறுவது என்றால் ஒருவர் செருப்பைக் கழற்றி மற்றவரிடம் கொடுப்பாராம். அதுதான் பத்திரம். மீட்பர் என்பதால் செருப்பு என்று விளக்கினார். கூட்டம் தலையாட்டியது, ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாட்டி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது. புள்ள எங்கயோ வெளையாடிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ரெண்டு சம்மனசும் ஈட்டியையும் சிலுவையையும் காட்டவும் பயந்துபோய் ஆத்தாகிட்ட ஓடி வந்திருக்கு. ஓடி வந்த வேகத்துல செருப்பு கழண்டுபோச்சு. அவ அள்ளித் தூக்கிட்டா. செருப்பை மாட்டிவிட நேரம் ஏது?"

பொதுவாகச் சொல்லப்படுகிற விளக்கமும் அதுதான் என்று ஐயா ஒத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் படம் கட்டுக்குள் வந்தது. அந்தப் பலகையில் எல்லாமே நிற்கிறது. தங்கப் பின்னணியில் இடம் இல்லை, நேரம் இல்லை, விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்க நிழல் இல்லை. அங்கி மடிப்பு கல்லில் வெட்டிய மாதிரி. குழந்தையின் முகம்கூடக் குழந்தை முகம் இல்லை, சின்ன ஆள் முகம். அசைகிற பொருள் அந்தச் செருப்பு ஒன்றுதான். இன்னும் ஒரு நொடியில் விழுந்துவிடும். குழந்தை அப்போதுதான் ஓடி வந்தது என்பதற்கு வேறு சாட்சி படத்தில் எங்கும் கிடையாது. அதை அழித்துவிட்டால் கையைப் பிடித்திருப்பது வெறும் போஸ். செருப்பு இருந்தால் அது பயந்த பிள்ளையின் பிடி. உதட்டில் புன்னகை வைக்க வேண்டி வந்ததும் அதனால்தான் என்று படுகிறது. காரணத்தை மறைத்த பிறகு அந்தத் தாயின் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று எவருக்கும் விளங்கியிருக்காது. அதனால் சிரிக்க வைத்துவிட்டார்.

செருப்பு இருக்கட்டும் என்று முடிவானது. வெறுங்கால்காரர் மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

நான் செய்த கூத்து

மேல் மூலைகளில் மாதாவின் ஒளிவட்டத்துக்கு இரு பக்கமும் எழுத்துகள். இடப்பக்கத்து இரண்டு எழுத்தைப் பார்த்து அந்தப் பையன், "எம்பி யாரு அங்கிள், நம்ம பார்லிமென்ட் எம்பியா?" என்று கேட்டான். எனக்கும் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரிந்தது. கிரேக்கம் அது. 'பி' மாதிரி இருப்பது அவர்களுடைய 'ர'. 'மேத்தேர் தெயூ', கடவுளின் தாய், என்ற இரண்டு சொல்லையும் முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாகச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். குழந்தை பக்கத்தில் இயேசு கிறிஸ்து, அதே மாதிரி சுருக்கம்.

வலப்பக்க எழுத்துகளுக்கு மேலே ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருந்தது. சாயம் வழிந்த கறை என்று நினைத்து, ஓரத்தில் சோதிக்காமல், ஸ்பிரிட்டைப் போட்டுச் சுரண்டிவிட்டேன். சுரண்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கத்திலும் அதே கோடு, அதே நீளம். சுருக்கி எழுதியிருக்கிறது என்று காட்டுகிற அடையாளம் அது. நம் எழுத்தில் புள்ளி மாதிரி. முப்பது வருடமாக எழுத்து எழுதிப் பிழைக்கிறவன் எழுத்தின் உறுப்பைக் கறை என்று நினைத்து அழித்தேன். ஐயாவிடம் உடனே சொல்லிவிட்டேன். "கோடுதானே தம்பி" என்றார். அவருக்குக் கோடு. எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது. இடப்பக்கத்துக் கோட்டைத் தாளில் நகல் எடுத்து, அதே அகலத்துக்குத் திரும்ப எழுதினேன்.

சாயம், தங்கம், டாமர்

உதிர்ந்த பள்ளங்களை வைட்டிங் என்கிற சாக்குப் பொடியும் ஜெலட்டின் பசையும் குழைத்து நிரப்பினேன். நிரப்பிய இடத்தில் மட்டும் நீர்ச்சாயம். பழைய சாயத்தின் மேல் ஒரு மயிரிழைகூட ஏறக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நிறத்தை வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாக வைக்க வேண்டும். மேலே வார்னிஷ் ஏறியதும் தானாக ஆழ்ந்துவிடும். முதல் மூன்று திட்டுகளில் இதை மறந்து, நீலம் கறுத்துப்போய், ஈரப் பஞ்சால் அழித்து மறுபடி செய்தேன். நீர்ச்சாயத்தின் நல்ல குணம் அது, தவறை மன்னிக்கும். எலுமிச்சை தின்ற திட்டுகளை முழுதாக மறைக்கவில்லை. கிட்டே போனால் தெரியும், பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியாது.

வார்னிஷுக்கு டாமர். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓவியங்களுக்குப் பூசுகிற இந்த டாமர் நம் காட்டுச் சரக்கு. மலாயில் டாமார் என்றால் பிசின்தானே. மெராந்தி வகை மரங்களிலிருந்து வடிவது. கட்டியைத் துணியில் முடிந்து டர்பன்டைன் போத்தலில் இரண்டு நாள் தொங்கவிட்டால் கரைந்துவிடும். நாளைக்கு மஞ்சளித்துப்போனாலும் அடுத்தவர் கரைத்து எடுத்துவிடலாம்.

பின்னணியில் கெட்டுப்போன பித்தளைச் சாயத்தைச் சுரண்டவில்லை. டாமர் பூசி, அதன் மேல் மைக்கா கலந்த தங்கநிறச் சாயத்தை, எழுத்துகளைச் சுற்றி ஒதுக்கி ஒதுக்கி அடித்தேன். மைக்கா கறுக்காது. ஒளிவட்டம் இரண்டுக்கு மட்டும் உண்மையான தங்கத் தகடு. புக்கிட் மெர்தாஜாமில் சாமி சிலை செதுக்குகிற சீனர் கடையில் வாங்கினேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். மாதா படம் என்றதும், தகடு கிழியாமல் எடுக்க மூங்கில் இடுக்கி ஒன்றைச் சும்மா கொடுத்தார். தகடு வைக்கும்போது விசிறியை நிறுத்திவிட்டேன், கதவையும் சாத்தினேன். மூச்சு விட்டாலே பறக்கிற சரக்கு.

புன்னகைதான் முழுதாகத் தீரவில்லை. உதட்டின் இடப்பக்கத்தில் அரக்கு இருந்ததால் இனாமல் உரிந்து வந்தது. வலப்பக்கத்தில் அரக்கு தேய்ந்துபோய், இனாமல் நேராகப் பழைய சாயத்தைப் பிடித்திருந்தது. இன்னும் நெம்பினால் அசல் உதடும் சேர்ந்து வரும். நிறுத்திவிட்டேன். ஆகவே இப்போது மாதா ஒரு பக்கம் வாட்டமாகவும் மறுபக்கம் லேசாகச் சிரிப்பதுபோலவும் இருக்கிறாள். பிறகு வருகிறவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் அதை எடுக்கட்டும்.

ஜூலை 22 மாலை படத்தை ஏற்றினோம். இந்தத் தடவை சுவரோடு ஒட்டி மாட்டவில்லை. பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டி, காற்றுப் போக ஓர் அங்குலம் இடம் விட்டிருக்கிறேன். மெழுகுவர்த்தித் தட்டை இரண்டு அடி முன்னால் நகர்த்தச் சொன்னேன், நகர்த்திவிட்டார்கள். பீடத்துக்குக் கீழே இருந்த துடைக்கிற துணியையும் எலுமிச்சைத் தட்டையும் பாட்டியே எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கால்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், ஆனால் மேலே பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கம் டார்ச் அடித்துக் கரையான் மண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை அக்டோபரில். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.